நாலு விரல் ஆழம்

மாலை ஆறு இருபது. 2004ஆம் ஆண்டு, அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை. மொன்றியலிலிருந்து வடக்கே, மொன்-லோறியே என்ற ஊரையும் தாண்டி இன்னும் நாற்பது கிலோமீற்றர்... மரம் ஏற்றும் லொறிகள் மட்டும் போகிற மண் ரோட்டு. சனி ஞாயிறில் அந்த லொறிகளும் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு சாம்பல் நிற வான் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடியில் பனிப்புகார் படிந்திருக்கிறது. முன் சீற்றில் ஒரு பெட்டி. அதற்குள் ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்து. அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள்.

வானுக்குச் சொந்தக்காரர் பேனாட். எங்கள் டனிஸ்ரனின் அத்தான், அவனுடைய அக்கா றொசானாவின் கணவர். டனிஸ்ரன் இன்று காய்ச்சல் என்று சொல்லி வராமல் விட்டான் அல்லவா? அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரவில் நாலு பேர் கூடினால் நான் இந்தக் கதையை எடுத்துவிடுவேன் என்று அவனுக்குப் பயம்.

எடுக்கிற எண்ணம் எனக்கும் இருக்கவில்லை. ஆனால் சிவநேசம் அண்ணை, இப்போது இந்தப் பனிக்கட்டி ஓட்டைக்குள் தூண்டில் அறுந்தபோது, போன மீன் உங்கள் கை நீளம் என்றீர்கள். ஒருவரும் நம்பவில்லை. அது உங்கள் பாடு. அதற்குப் பிறகு 'என்ரை பிள்ளையாணை' என்று சத்தியம் பண்ணினீர்கள் பாருங்கள்... அந்தச் சொல்லைக் கேட்டால் நாலு வருடமாக என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அடுப்புக்குள் இன்னொரு கட்டையைப் போடுங்கள். இந்தக் கொட்டிலின் கதவை இறுக்கிச் சாத்துங்கள். ஒன்றுக்குப் போகிற ஆட்கள் இருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள். பேந்து தனியாக இந்த உறைந்த ஏரிக்கு மேலே நடக்க மாட்டீர்கள்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் இருக்கும்.

அந்த நாட்களில் நான் மொன்றியலுக்குப் பக்கத்தில், லொங்குய்யில், வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையில், வில் அம்பு மேசையில் நின்றேன். இந்தப் பக்கத்தில் வில்லைப் பிடிக்கத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் நடப்பும் பெருமையும். பேனாட் அண்ணை வந்தார். கேக் தொழிற்சாலையில் வேலை. ஆள் வந்தால் வனிலா மணம் முன்னால் வரும். தொலைபேசியில் பெயரைச் சொன்னால் வெள்ளைக்காரன் என்று நினைத்துப் பிரெஞ்சில் பொழிந்து தள்ளுவார்கள் என்று சிரிப்பார். வில் வேட்டைக்கான வகுப்பை முடித்து, அனுமதிச் சீட்டும் எடுத்திருந்தார். செபமாலை அண்ணையோடு மரைக்குப் போகிறாராம்.

மரை என்றதும் ஊர் மரையை நினைக்காதீர்கள். இங்கே ஒறிஞால் என்கிறார்களே, அது. ஊர் மரை மழைக்கு அதன் வயிற்றுக்குக் கீழே ஒதுங்கி நிற்கலாம்.

செபமாலை அண்ணை மன்னார்க்காரர். மடுக் காட்டில் ஓடித் திரிந்தவர். இங்கே அலுவலகக் கட்டடம் துப்புரவு செய்கிறார். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும். அவர் பேனாட் அண்ணையிடம் திட்டவட்டமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: விரியாத முனை வாங்கு, இரண்டு அலகு போதும், கை மயிரை வழிக்கிற அளவுக்கு அரத்தால் தீட்டு, அம்பு பாரமாக இருக்கட்டும்.

அவர் சொன்னதுதான் சரி. அம்பு குண்டு மாதிரி இல்லை, அடித்து விழுத்தாது. வெட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரியாத முனை ஒடுக்கம். பட்ட இடத்திலேயே வெட்டத் தொடங்கி, விலாவுக்குள்ளால் நுழைந்து, இரண்டு சுவாசப்பையையும் கிழித்து மற்றப் பக்கம் வரும். மிருகம் நூறு அடி போகாது. தனக்கு என்ன நடந்தது என்று தெரிய முதல் படுத்துவிடும். விரியும் முனை வேறு சாதி. பறக்கும்போது செட்டை மடிந்திருக்கும். பட்டதும் இரண்டு பக்கமும் விரியும். பெரிய வெட்டு. மானுக்கு நல்லது. ஆனால் விரிவதற்கே பாதிப் பலம் போய்விடும். சரிவாகப் பட்டால் எலும்பில் வழுக்கித் தன் எண்ணத்துக்குப் போகும். அவருடைய வில்லோ ஐம்பது இறாத்தல் இழுவைதான். அம்போ ஈர்க்கு மாதிரி.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் விரியாத முனை அன்று மேசையில் இல்லை. பின்னால் களஞ்சியத்தில், மேல் தட்டில் இருந்தது. ஏணி வைத்து ஏறவேண்டும். எனக்குப் பஞ்சி. கையில் இருந்த விரியும் முனையை எடுத்து நகத்தால் தட்டிக் காட்டினேன். டிக் என்று விரிந்தது. அந்தச் சத்தத்தில் பேனாட் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது.

"மரைக்குக் காணுமோ, றொக்சன்?"

"காணும் அண்ணை."

இதுதான் என் பங்கு. போதும் என்று ஒரு சொல்.

சரி... காட்டுக்கு வருவோம். ரோட்டிலிருந்து கால் மணி நேரம் உள்ளே ஒரு சதுப்பு நிலம். ஒரு கரையில் பேனாட் அண்ணை, மற்றக் கரையில் செபமாலை அண்ணை. மூன்று நாட்களாக ஒன்றும் வரவில்லை. இதுதான் கடைசி மாலை. அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு, அவர்கள் இருக்கிற புரோசார்ட்டில், மண்டபம் எடுத்து மகளின் பிறந்தநாளுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. எப்படியும் இரவே வெளிக்கிடவேண்டும்.

முதலில் மணம் வந்ததாம். மூத்திரமும் சேறும் ஊறிய மணம். பிறகு சுள்ளி முறிகிற சத்தம். ஒன்று... நிறுத்தம்... இன்னொன்று. பிறகு மரை வெளியே வந்து நின்றது. இருபத்திரண்டு அடி வைத்தால் தொடலாம். ஆனால் அது அவருடைய பக்கம் பார்த்து, சரிவாக நின்றது. அப்படி நின்றால் விடக்கூடாது. பக்கத்தைக் காட்டும் வரையும் பொறுக்கவேண்டும். வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் பொறுக்கவில்லை.

நெஞ்சில் பட்டால் பறை தட்டினதுபோல் ஒரு வெறுஞ் சத்தம் வரும். வந்தது அது இல்லை. ஈர மூட்டையில் தட்டினதுபோல் ஒரு சத்தம். மரை முதுகை வளைத்துக்கொண்டு போய்விட்டது.

நாற்பது அடி தள்ளி அம்பு கிடந்தது. மரத்தில் தட்டுப்பட்டு வெளியே வந்திருக்கிறது. எடுத்தார். இறகு வரைக்கும் ஈரம். முனையில் மட்டும் சிவப்பு. மிச்சமெல்லாம் பச்சை கலந்த மண்ணிறம்... அரைபட்ட புல்லு... புளித்த நாற்றம். முனை தோள் எலும்பில் வழுக்கி, விலாவுக்கு வெளியால் ஓடி, குடலுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறது. அது பார்த்த உடனேயே அவருக்குத் தெரியும்.

குடலில் பட்ட மிருகம் சாகும். கட்டாயம் சாகும். ஆனால் மெல்ல. உடனே துரத்தினால் மைல் கணக்கில் போய்விடும். பத்து மணி நேரம் அசையாமல் இருந்து, விடிந்த பிறகு போனால் படுத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் முறை. அப்படியென்றால் இரவு தங்கவேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு மணிக்கு நிற்கமுடியாது.

குனிந்து ஒரு பிடி பாசியைப் பிடுங்கினார். அம்புத் தண்டைத் துடைத்தார். பாசி போதாமல் தன் சட்டைக் கையால் துடைத்தார். முனையிலிருந்து நாலு விரலுக்குச் சிவப்பை மட்டும் விட்டுவைத்தார்.

செபமாலை அண்ணை வந்தார். அம்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவருக்கு அது பிடிக்கவில்லை. விடியும் வரை இருப்போம், காயப்பட்டதை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே குந்திவிட்டாராம்.

"நாலு விரல்தான் அண்ணை இறங்கினது. தோள் எலும்பிலை பட்டுத் திரும்பிட்டுது."

"நல்லாப் பாத்தனியோ?"

"அது சாகாது அண்ணை. என்ரை பிள்ளையாணை, சாகாது."

செபமாலை அண்ணை எழும்பிச் சிலுவை போட்டார். ஒரு தகப்பன் பிள்ளையின் தலையில் அடித்துச் சொன்ன பிறகு, அதற்கு மேலே கேட்பது அவருக்கு மரியாதை இல்லை. வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வானில் ஏறும்போது காட்டுக்குள்ளே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டதாம். நீளமாக உள்ளே இழுத்து... ஒரு இடைவெளி... நீளமாக வெளியே. கண்ணாடியை ஏற்று என்றாராம் செபமாலை அண்ணை.

அடுத்த நாள் பிறந்தநாள் விழா. அழைப்பிதழில் பன்னிரண்டு மணி. எங்கள் ஆட்களைத் தெரியும்தானே... மண்டபம் நிரம்ப மூன்றாகிவிட்டது. பாட்டு, நடனம், வீடியோக்காரனின் கூத்து எல்லாம் முடிந்து கேக் வெட்டும்போது மணி ஆறே கால். பேனாட் அண்ணை விடியும் வரையும் இருந்து, மரையைத் தேடி முடித்துவிட்டு ஆறுதலாக வந்திருந்தாலும் கேக் வெட்ட நின்றிருக்கலாம். இதை நினைத்து அவர் எத்தனை தரம் தலையில் அடித்தாரோ தெரியாது.

நானும் அங்கே நின்றேன். மகள் றொஷினி கத்தியைக் கையில் எடுத்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. எல்லோரும் கை தட்டுகிறோம். பிள்ளை கத்தியைத் திருப்பி மேசையில் வைத்தாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். அழவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி நின்றாள். மூச்சு... நீளமாக உள்ளே... இடைவெளி... நீளமாக வெளியே. கேக்கும் வாசனைத் தண்ணியும் மணக்கிற மண்டபத்தில், எனக்குப் பக்கத்தில் புளித்த புல்லு மணந்தது. கண்டதையும் தின்றிருப்பாள் என்று சொல்லித் தாய் தூக்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் பிள்ளை திரும்பி வந்து மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடியது.

அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். சூரியன் விழுகிற நேரம் பார்த்து வந்தது. நாள் கட்டையாகக் கட்டையாக அதுவும் முந்தி வந்தது. மாத முடிவில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவோமே, அதுவும் அதற்குத் தெரிந்திருந்தது. நாலரை மணிக்கு, பள்ளிக்கூடப் பையைக் கழற்றும்போதே வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை உருகிக்கொண்டு வந்தது. ஒருநாள் டாக்டர் எப்படி நோகிறது என்று கேட்டார். பிள்ளை பிரெஞ்சில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இதுதான்.

"அது இன்னும் உள்ளுக்குப் போய்க்கொண்டிருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். பேனாட் அண்ணை வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

நவம்பர் கடைசியில் அவர் என் கடைக்கு வந்தார். வனிலா மணம் இல்லை. அம்பை மேசையில் வைத்துவிட்டு, இது முழுதாக இறங்கினால் எவ்வளவு நாளில் சாகும் என்று கேட்டார். ஒரு நாள், இரண்டு நாள் என்றேன். சாகாது என்று யாராவது சத்தியம் பண்ணியிருந்தால்? என்று கேட்டார். ஆளுக்கு மூளை பிரண்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், நான் உங்களுக்குச் சொன்ன ஒழுங்கிலேயே. பாசியால் துடைத்ததைச் சொல்லும்போது சட்டைக் கையை மேசையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

செபமாலை அண்ணையிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். நீயும் வா என்றார். எனக்கு வேலை என்றேன். வேலை இல்லை.

ஏசுவார் என்று நினைத்த மனுஷன் ஏசவில்லையாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சப்பாத்தைப் போடு என்றாராம். டிசம்பர் முதல் சனிக்கிழமை. வேட்டைக் காலம் முடிந்துவிட்டது, வில்லோடு பிடிபட்டால் பெரிய வம்பு. அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. முழங்கால் மட்டும் பனி. இரத்தத் தடம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் தேடவேண்டி வரவில்லை. சதுப்பு நிலத்துக்கு வந்ததும் கேட்டது... நீளமாக உள்ளே... இடைவெளி... நீளமாக வெளியே.

ஊசியிலைத் தளிசு மரங்களுக்கு நடுவே முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது. இரண்டு மாதம். தோல் எலும்போடு ஒட்டிவிட்டது. முதுகில் ஒரு சாண் பனி. மரத்தில் காகங்கள் இருந்தன, ஒன்றும் கீழே இறங்கவில்லை. ஓநாய்த் தடம் பத்து அடிக்கு அப்பால் ஒரு வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. உள்ளே ஒரு தடம்கூட இல்லை. கடைசி விலாவுக்குப் பக்கத்தில் ஓட்டை. மரை தலையைத் திருப்பி இவர்களைப் பார்த்தது. ஓட முயற்சி பண்ணவில்லை.

செபமாலை அண்ணை தன் அம்பை எடுத்து நாணில் வைத்தார். விரியாத முனை. பேனாட் அண்ணை போய் மரைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"விலகு. அதை இப்பிடி விடேலாது."

"நான் சாகாதெண்டு சொல்லிப்போட்டன் அண்ணை."

"இது மிருகமடா. இதுக்கு உன்ரை பிள்ளையைத் தெரியுமோ?"

"சத்தியத்துக்குத் தெரியும்."

செபமாலை அண்ணை அவரைத் தோளில் பிடித்துத் தள்ளிவிட்டார். பேனாட் அண்ணை பனியில் விழுந்து கிடந்தபடி பார்க்கிறார். நாண் காது வரைக்கும் போகிறது. மரை கழுத்தை நீட்டித் தலையைத் தரையில் வைத்தது. அதற்கு அது விருப்பம் மாதிரி இருந்தது என்று பேனாட் அண்ணை சொன்னார். அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. செபமாலை அண்ணை மெல்ல நாணைத் தளர்த்தினார். அம்பை முழங்காலில் வைத்து முறித்தார்.

அன்று பகல் இரண்டு மணிபோல, புரோசார்ட்டில், குசினி மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த றொஷினி கழுத்தை நீட்டித் தலையைக் கொப்பியின் மேல் வைத்தாளாம். மூச்சு நின்றுவிட்டது. றொசானா குளறி அம்புலன்சுக்கு நம்பர் அடிக்கிறாள்... பிள்ளை எழும்பி இருந்து பென்சில் எங்கே என்று கேட்டது. காட்டில் அந்த நேரம் எத்தனை மணி என்று செபமாலை அண்ணை பார்க்கவில்லை. பேனாட் அண்ணையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வெயில் நின்ற இடத்தை வைத்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

செபமாலை அண்ணை வில்லை விற்கவில்லை, எரித்தார். இப்போது பூசைக்கு வந்தால் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போகிறாரே, அது இதனால்தான். காயப்பட்டதை விட்டுவிட்டு வந்தவன் நான் என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார்.

பேனாட் அண்ணைக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. சாகாது என்று சொன்னாயிற்று, அப்படியென்றால் சாகவிடக்கூடாது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை விடியப்புறம் வானை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பை அப்பிள், ஒரு கான் தண்ணீர். போய் அதன் வாய்க்கு முன்னால் வைத்துவிட்டு வருவார். அப்படிப் போகத் தொடங்கிய பிறகு பிள்ளைக்கு மாலையில் வருவது நின்றுவிட்டது. உடம்பும் தேறியது. ஒரு மாதம் புயலால் போகமுடியாமல் போனது, அந்தக் கிழமை முழுதும் வந்தது. அதற்குப் பிறகு அவர் தவறவிடவே இல்லை. கோடை, மாரி, நத்தார், நாலு வருடம். எங்கே போகிறீர்கள் என்று றொசானா கேட்டால் வான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஆளுக்கு எங்கேயோ ஒரு தொடுப்பு இருக்கிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவர் அதை மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது சுகமாக இருந்திருக்கும்.

போன மாதம், ஜனவரியில், வீட்டுப் படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். முதல் சனி வருகிறது. டனிஸ்ரனைக் கேட்டார், அவன் மாட்டேன் என்றுவிட்டான். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீதானே காணும் எண்டனி. நீ போயிட்டு வா."

என்ன சொல்ல? போனேன்.

பகலில்தான் போனேன். பதினொன்றரைக்கு அந்த மண் ரோட்டில் வானை நிறுத்தினேன். மரங்களில் பேனாட் அண்ணை செம்மஞ்சள் நாடா கட்டியிருந்தார், வழி தவற முடியாது. காற்றே இல்லை. பனி மெல்லிதாக விழுந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு தளிசு மரங்களுக்குள் போனேன்... இருந்தது.

எலும்பு. வெறும் எலும்பு.

நேற்று முந்தாநாள் எலும்பு இல்லை. பச்சைப் பாசி படிந்து, கொம்பின் நுனியை எலி அரித்து, விலாவுக்கு நடுவால் ஒரு தளிசுக் கன்று என் பெருவிரல் மொத்தத்துக்கு வளர்ந்து நின்றது. அது அவ்வளவு வளர மூன்று நாலு வருடம் வேண்டும். அந்த மரை முதல் மாரியிலேயே செத்துவிட்டது. மனுஷன் நாலு வருடமாக எலும்புக்கு அப்பிள் போட்டிருக்கிறார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பாவி மனுஷன். பிறகு பெரிய நிம்மதி. மரை செத்துவிட்டது, பிள்ளை இருக்கிறது. சத்தியமும் இல்லை, சாபமும் இல்லை. நான் சொன்ன ஒரு சொல்லால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வீட்டுக்குப் போய், அண்ணை, அது செத்து நாலு வருடம், நீங்கள் இனிக் கால் ஆறிப் படுங்கள் என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை வாய்விட்டு ஒரு தரம் சொல்லியும் பார்த்தேன்.

கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவானேன் என்று பையைக் கவிழ்த்தேன். வானின் பின்னுக்குக் கிடந்த அப்பிள் குளிரில் உறைந்து கல்லாகிவிட்டது. டக்... டக்... என்று மண்டையோட்டுக்கு முன்னால் விழுந்தது. அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். தளிசுக் கொப்புகளுக்கு வெளியே இடுப்பளவு பனி, உள்ளே கணுக்கால் அளவு. மூக்கெலும்புக்கு முன்னால் மட்டும் ஒரு பள்ளம், பனி கரைந்து, கரை கண்ணாடியாகி, அடியில் பாசி ஈரமாகத் தெரிந்தது. பழைய அப்பிள் ஒன்றுகூட இல்லை. ஒரு கொட்டை இல்லை, காம்பு இல்லை.

பனி விழுந்துகொண்டிருந்தது என்றேனே. மற்ற இடமெல்லாம் நேரே கீழே விழுந்தது. அந்தப் பள்ளத்துக்கு மேலே வந்தது மட்டும்... எலும்பின் பக்கம் இழுபட்டது... நின்றது... திரும்பி என் பக்கம் வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இழுபட்டது... நின்றது... திரும்பி வந்தது.

எப்படி வானுக்கு வந்தேன் என்று கேட்காதீர்கள்.

மாலை ஐந்து மணிக்குப் புரோசார்ட்டில், அவர் வீட்டு மணியை அடித்தேன். றொசானா கதவைத் திறந்து, அவருடைய கள்ளத்துக்கு நான் உடந்தை என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு முறை முறைத்துவிட்டு மேலே போய்விட்டாள். பேனாட் அண்ணை விறாந்தைச் சோபாவில், காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தபடி இருந்தார். என் முகத்தையே பார்த்தார். நான் பாடமாக்கி வந்த வசனத்தைச் சொல்லவா, விடவா? சொன்னால் அவர் போவதை நிறுத்திவிடுவார். நிறுத்தினால்...

றொஷினி தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். பதினொரு வயது. உதைபந்தாட்டச் சட்டை, கன்னமெல்லாம் சதை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வழமையாகப் பிரெஞ்சிலேயே கதைக்கிற பிள்ளை, எனக்கு விளங்கவேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"மாமா, இண்டைக்கு அப்பிள் சரியான குளிர். பல்லெல்லாம் கூசுது."

பேனாட் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன்.

வாற சனி மாதத்தின் முதல் சனி. நான்தான் போகவேண்டும். அப்பிள் இரண்டு பையும் வாங்கி வைத்துவிட்டேன். வீட்டுக்குள்ளே, ஹீற்றருக்குப் பக்கத்தில் இருக்கிறது.